சிவப்பு முழங்கால் டாரன்டுலா: உங்களிடம் இருப்பது எந்த இனம்?

'ரெட் நீ' என்று வாங்கிய டாரன்டுலாவின் படத்தை அனுப்பி, "அண்ணா, இது ஹமோரியா ஸ்மிதியா?" என்று கேட்கிற தம்பிமார் நிறையப் பேர். இரண்டும் 'ரெட் நீ' என்ற ஒரே பெயரில் விற்கப்படும், ஒன்றைப் போல ஒன்று இருக்கும் இனங்கள். படம் பெரும்பாலும் மேலிருந்து எடுத்ததாக இருக்கும். மஞ்சள் பல்பு வெளிச்சம், சிலந்தியின் பாதி உடம்பு பொந்துக்குள். அதை வைத்து இனம் சொல்கிறவர் ஊகித்துத்தான் சொல்கிறார். எந்த இடத்தை, எப்போது பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பெரும்பாலான சந்தேகங்களை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம். தீர்க்கவே முடியாத சில உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

நான் இருப்பது லண்டனுக்கு மேற்கே ஹேய்ஸில். வீட்டில் ஓர் அறையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கச் சிலந்திப் பெட்டிகள்தான். அதிகமும் மெக்சிகோவின் பிராக்கிபெல்மா பேரினம். ஆகவே அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். பார்க்கும் முறை பழகிவிட்டால் மற்றப் பேரினங்களுக்கும் உதவும்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். இனம் தெரிய வேண்டும் என்பது வெறும் ஆசைக்காக அல்ல. இந்தச் சிலந்திகளை மெக்சிகோவின் காடுகளிலிருந்து அள்ளிக்கொண்டு போய் விற்ற காலம் ஒன்று இருந்தது. 1985இல் பிராக்கிபெல்மா ஸ்மிதி, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 90களில் பேரினம் முழுவதுமே அந்தப் பட்டியலுக்குள் வந்தது. இன்று நம் கையில் இருப்பவற்றில் பெரும்பகுதி பெட்டிகளில் பொரித்து வளர்ந்த பரம்பரை. அதில் யாராவது ஹமோரிப் பெண்ணோடு ஸ்மிதி ஆணைச் சேர்த்துவிட்டால் நூற்றுக்கணக்கான கலப்புக் குஞ்சுகள் 'ரெட் நீ' என்ற ஒரே பெயரில் நாடெங்கும் போய்விடும். அந்தக் குஞ்சுகளைத் திரும்பப் பொறுக்கி எடுக்க வழியே இல்லை. சுத்தமான பரம்பரை அழிந்தால் மறுபடி காட்டிலிருந்து கொண்டு வரச் சொல்லி யாராவது பணம் கொடுப்பார்கள். எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை இருப்பது அதனால்தான்.

பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை முதலில் வாசியுங்கள்

சிலந்தியைப் பார்க்கும் முன் அதன் பெயர்ச்சீட்டைப் பாருங்கள். எந்த ஆண்டில், என்ன பெயரில் வந்தது என்பதே பாதி விடை. காரணம் இருக்கிறது.

ஸ்மிதி என்ற இனத்தை 1897இல் எஃப். ஓ. பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் விவரித்தார். அவரிடம் இருந்தது மெக்சிகோவின் கெரேரோ மாநிலத்திலிருந்து வந்த முதிராத ஆண் ஒன்று. முதிராத சிலந்தியில் இனத்தைப் பிரித்துக் காட்டும் உறுப்புகள் உருவாகியிருக்காது. 1994இல் முதிர்ந்த சிலந்திகளை வைத்து ஸ்மிதி மீண்டும் விவரிக்கப்பட்டது. அப்போது எடுத்துக்கொண்டவை உண்மையில் வேறு இனம். 1997இல் ஹமோரி, அனித்தா என்று இரண்டு புதுப் பெயர்கள் வந்தன. 2017இல் மெக்சிகோவின் ஹோர்ஹே மெண்டோசாவும் ஓஸ்கார் ஃபிராங்கேயும் உடலமைப்பையும் டிஎன்ஏவையும் சேர்த்து ஆராய்ந்து முடிச்சை அவிழ்த்தார்கள். அனித்தா என்று அழைக்கப்பட்டதுதான் பழைய, அசல் ஸ்மிதி. கடைகளிலும் புத்தகங்களிலும் ஸ்மிதி என்ற பெயரில் உலகமெல்லாம் வலம் வந்தது பெரும்பாலும் ஹமோரி.

இதை வைத்துச் சீட்டை வாசிப்பது எப்படி? 2017க்கு முன் 'ஸ்மிதி' என்று வாங்கிய பெண் சிலந்தி, அல்லது அதன் வாரிசு, ஹமோரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 'அனித்தா' என்று வாங்கியிருந்தால் அது இன்றைய ஸ்மிதி. கவனமான வளர்ப்பாளர்கள் 'ஸ்மிதி, முன்பு அனித்தா' என்றோ, 'ஹமோரி, முன்பு ஸ்மிதி' என்றோ எழுதித் தருவார்கள். அப்படி எழுதித் தருகிறவரிடம் நம்பி வாங்கலாம். இப்போது வெறும் 'ஸ்மிதி' என்று மட்டும் எழுதியிருந்தால் விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: தாயும் தகப்பனும் எங்கிருந்து வந்தவை? பதில் தடுமாறினால் அந்தப் பெயரைப் பென்சிலால் எழுதியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காட்டில் இந்த இரண்டும் ஒன்றை ஒன்று பார்ப்பதில்லை. ஹமோரி ஹலிஸ்கோ, கொலிமா, மிச்சோவகான் மாநிலங்களின் பசிபிக் பக்கச் சரிவுகளில் வாழ்கிறது. ஸ்மிதி அதற்குத் தெற்கே கெரேரோவில். நடுவில் பால்சாஸ் ஆற்றுப் படுகை. இடம் தெரிந்த பரம்பரை என்றால் வேறு எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. வளர்ப்பாளர் உலகில் இடம் தெரிந்த சிலந்தி குறைவு என்பதால்தான் மீதி எல்லாம் எழுத வேண்டியிருக்கிறது.

எப்போது பார்ப்பது, எப்படிப் படம் எடுப்பது

குஞ்சில் இனம் பார்க்காதீர்கள். பிராக்கிபெல்மா குஞ்சுகள் எல்லாமே வெளிர் நிறத்தில், வயிற்றின் மேல் ஒரு கறுப்புத் திட்டோடு ஒரே மாதிரித்தான் இருக்கும். கால் விரிப்பு நான்கைந்து சென்டிமீட்டரைத் தாண்டும்போதுதான் வளர்ந்த சிலந்தியின் நிறங்கள் மெல்ல ஏறத் தொடங்கும். அதற்கும் பிறகு ஒன்றிரண்டு தோல் கழற்றல்கள் போகட்டும்.

தோல் கழற்றுவதற்கு முந்தைய வாரங்களிலும் பார்க்க வேண்டாம். நிறம் மங்கி, சிவப்பு பழுப்பாகி, ஔராட்டம் என்ற கறுப்பு இனம்கூட ஹமோரி போலத் தெரியும். கழற்றி ஒரு வாரம் பத்து நாள் ஆன பிறகு பாருங்கள். உடம்பு உறுதியாகி, நிறம் சுத்தமாக இருக்கும் நேரம் அது.

வெளிச்சம் முக்கியம். மேகமூட்டமான பகலில் ஜன்னல் பக்கம் வைத்து எடுக்கும் படம் எந்த விளக்கையும் விட நம்பகமானது. ஃபிளாஷ் போட்டால் கறுப்பு பழுப்பாகும், செம்மஞ்சள் மஞ்சளாகும். சிலந்தியைக் கையில் எடுக்கத் தேவையில்லை, எடுக்கவும் வேண்டாம். ஒரு தெளிவான பிளாஸ்டிக் டப்பாவை அதன் முன் வைத்து, பின்னங்காலை ஓவிய பிரஷ்ஷால் மெதுவாகத் தொட்டால் தானே நடந்து உள்ளே போகும். அவசரப்படுத்தினால் பின்னங்கால்களால் வயிற்று முடியைத் தேய்த்து உதறும். அந்த முடி கண்ணில் போனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும். ஆகவே முகத்தைக் கிட்டக் கொண்டு போகாமல் கேமராவின் ஜூமைப் பயன்படுத்துங்கள்.

நான்கு படங்கள் வேண்டும். நேர் மேலிருந்து ஒன்று. முகத்துக்கு நேரே, அதன் உயரத்திலேயே ஒன்று. பக்கவாட்டில் முதல் காலும் கடைசிக் காலும் தெரிய ஒன்று. டப்பாவின் அடியிலிருந்து ஒன்று. முகப் படத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஹமோரி–ஸ்மிதி கேள்விக்கு அதுதான் முதலில் வேண்டும்.

காலின் கண்டங்களை எண்ணப் பழகுங்கள்

'கால் சிவப்பு' என்று சொல்வதில் எந்தப் பயனும் இல்லை. எந்தக் கண்டம் சிவப்பு என்பதே கேள்வி. உடம்போடு ஒட்டிய இரண்டு சிறு கண்டங்களை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு நீளமாக வருவது தொடை, அதாவது ஃபீமர். அடுத்துக் குட்டையாக வளைவில் இருப்பது முழங்கால், பட்டெல்லா. பிறகு டிபியா, மெட்டாடார்சஸ், கடைசியாகத் தரையில் ஊன்றும் டார்சஸ். முழங்காலில் தொடங்கி நுனி வரை நான்கு. இந்த நான்கின் நிற வரிசையைச் சொல்லத் தெரிந்தால் பிராக்கிபெல்மாவின் பாதி இனங்களைக் கண்ணாலேயே பிரித்துவிடலாம்.

எளிதானவற்றை முதலில் கழித்துவிடுவோம். போமை என்ற இனத்தில் தொடை கறுப்பு, முழங்கால், டிபியா, மெட்டாடார்சஸ் மூன்றும் செம்மஞ்சள், நுனிக் கண்டம் மட்டும் கறுப்பு. முதுகோடும், அதாவது உடம்பின் முன்பகுதியை மேலே மூடியிருக்கும் ஓடும், செம்மஞ்சளாகவே இருக்கும். எமிலியாவில் கடைசி இரண்டு கண்டங்களும் கறுப்பு. அது போதாதென்றால் முதுகோட்டைப் பாருங்கள், வெளிர் முதுகோட்டின் முன்பாதியில் கண்மேட்டைச் சுற்றி ஒரு கறுப்பு முக்கோணம் நிற்கும். அதைப் பார்த்த பிறகும் சந்தேகப்பட இடமில்லை. ஆல்பிசெப்ஸில் முதுகோடு பொன் நிறம், கால்கள் கறுப்பு. இவை மூன்றையும் ஹமோரியோடு குழப்புகிறவர்கள் கண்டங்களை எண்ணாதவர்கள் மட்டுமே.

பௌம்கார்ட்டனி கொஞ்சம் தொல்லை. போமையைப் போன்ற கால், ஆனால் முதுகோட்டில் கறுப்பு விரிந்திருக்கும். போமையோடு கலந்த குஞ்சுகளும் அந்தப் பெயரில் விற்பனைக்கு வருகின்றன என்பது வளர்ப்பாளர்களிடையே நெடுநாளைய கவலை. பரம்பரை எழுத்தில் இல்லாத பௌம்கார்ட்டனியை நான் வாங்குவதில்லை.

ஔராட்டம் வரும்போது கவனம் கூட வேண்டும். 1992இல் தனி இனமாக விவரிக்கப்படும் வரை அதை ஸ்மிதியின் மலைப்பகுதி வடிவம் என்றே நினைத்திருந்தார்கள். அவ்வளவு சாயல். இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது முதுகோடு. ஔராட்டத்தில் அது அநேகமாக முழுக்கக் கறுப்பு, ஓரத்தில் மட்டும் மெல்லிய வெளிர்க் கோடு. ஹமோரியிலும் ஸ்மிதியிலும் ஓரத்து வெளிர் நிறம் அகலமாகவும், உள்ளே சற்று ஊடுருவியும் இருக்கும். இரண்டாவது முழங்கால். ஔராட்டத்தின் முழங்காலில் சிவப்பு ஒரு தீச்சுடர் வடிவில், விளிம்பு கட்டி நிற்கும். அதன் கீழே டிபியா, மெட்டாடார்சஸ் நுனிகளில் வெள்ளையை ஒட்டிய மெல்லிய வளையங்கள். ஹமோரியின் கீழ்க் கண்டங்களில் தெரியும் வெளிர் மஞ்சள் அதைவிட அகலம். புதிதாகத் தோல் கழற்றிய ஔராட்டத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கறுப்பின் ஆழம் வேறு எதிலும் இல்லை.

ஹமோரி, ஸ்மிதி

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம். முழங்கால் நிறத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முயலாதீர்கள். ஒரே முட்டைப் பையில் பொரித்த சகோதரிகளுக்குள்ளேயே செம்மஞ்சள் முதல் அடர் சிவப்பு வரை வேறுபாடு இருக்கும். முதுகோட்டுக் கறுப்பின் வடிவமும் அப்படித்தான். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இதில் கறுப்பு கூட, அதில் குறைவு" என்று முடிவு செய்வது வீண்.

முகத்துக்கு வாருங்கள். கண்களுக்குக் கீழே முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும் இரண்டு பருத்த தாடைகள்தான் செலிசெரா. நச்சுப் பற்கள் அவற்றின் அடியில் மடங்கியிருக்கும். அந்தத் தாடைகளை நேரே முன்னாலிருந்து பாருங்கள். ஹமோரியில் பழுப்பு கலந்த இளஞ்சிவப்புப் பட்டைகள் இரண்டு தெரியும். ஸ்மிதியில் ஒன்றுதான். மேலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது. சாய்வாக எடுத்த படத்தில் ஒரு பட்டை இரண்டாகவும், இரண்டு ஒன்றாகவும் தோன்றும். கேமரா லென்ஸ் சிலந்தியின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். பெட்டியை மேசை விளிம்பில் வைத்து, நீங்கள் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நல்ல முகப் படம் கிடைத்தால் ஒரு வலுவான கருத்து கிடைக்கும். வளர்ப்பதற்கு அது போதும். இணை சேர்ப்பதற்குப் போதாது. அதற்கு உடம்பின் உள்ளமைப்பு வேண்டும். அதை உயிரோடு இருக்கும் சிலந்தியே நமக்குத் தந்துவிடுகிறது, தான் கழற்றிப் போட்ட சட்டையில்.

சட்டையைத் தூக்கி எறியாதீர்கள். சிலந்தி கழற்றிவிட்டு விலகிய பின், நீண்ட இடுக்கியால் எடுத்து ஒரு சிறு டப்பாவில் தேதி எழுதி வையுங்கள். உடனே விரிக்க முடிந்தால் நல்லது, அப்போது அது மெத்தென்று இருக்கும். காய்ந்துவிட்டாலும் பாதகமில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, சில மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு ஒரு வெள்ளைத் தட்டில் எடுத்து, சுருங்கிக் கிடக்கும் வயிற்றுத் தோலை இரண்டு ஈர பிரஷ்களால் விரியுங்கள். இழுக்க வேண்டாம், நீரே அதை விரித்துத் தரும். உள்பக்கம் மேலே இருக்கட்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தோலிலும் அரிப்பு முடி இருக்கிறது.

நான்கு வெள்ளைத் திட்டுகள் தெரியும். அவைதான் புத்தக நுரையீரல்கள். முன்னால் இருக்கும் இரண்டுக்கும் நடுவே குறுக்காக ஒரு மடிப்பு ஓடும். அந்த மடிப்பின் நடுவில் உள்பக்கம் எழுந்து நிற்கும் சிறு மடல் இருந்தால் அது பெண். அந்த மடலே விந்துப்பை. பிராக்கிபெல்மாவில் அது இரண்டாகப் பிரியாமல் ஒட்டிய ஒரே மடலாக இருக்கும். கிராமோஸ்டோலா போன்ற பேரினங்களில் இரண்டு தனி மொட்டுகளாகத் தெரியும். ஆக, பேரினத்தை உறுதி செய்யவும் இந்த ஒரு படம் உதவுகிறது.

இனத்தைப் பிரிப்பது அந்த மடலின் அடித்தட்டு. ஹமோரியில் அடித்தட்டு நீள்வட்டமாக, ஒரே துண்டாக இருக்கும். ஸ்மிதியில் அது பிரிவுபட்டிருக்கும். வெறும் கண்ணுக்கு இது சரிவராது. கணினியில் செருகும் மலிவான யுஎஸ்பி நுண்ணோக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அடியிலிருந்து வெளிச்சம் கொடுத்துப் படம் எடுங்கள். முதிர்ந்த பெண்ணின் சட்டை என்றால் மட்டுமே முடிவு சொல்லுங்கள். இளம் பெண்ணின் அடித்தட்டு இன்னும் முழு வடிவத்துக்கு வந்திருக்காது.

ஆண் என்றால் முதிரும் வரை காத்திருக்க வேண்டும். கடைசித் தோல் கழற்றலுக்குப் பிறகு, முகத்தருகே இருக்கும் உணர்கால்களின் நுனியில் குத்துச்சண்டைக் கையுறை மாட்டியது போல உருண்டை தெரியும். அந்தக் குமிழைப் பக்கவாட்டில் பாருங்கள். ஸ்மிதியின் குமிழ் அகன்று, நுனி கரண்டி போல விரிந்திருக்கும். ஹமோரியினுடையது ஒடுங்கியது. ஆண் முதிர்ந்தபின் அதிக நாள் உயிரோடு இருப்பதில்லை. ஆகவே முதிர்ந்த உடனே அவன் கழற்றிய சட்டையையும், இறந்தபின் உடலையும் பத்திரப்படுத்துங்கள். உடலை எரிசாராயத்தில் போட்டு வைத்தால் பிறகு யாராவது ஆய்வு செய்ய விரும்பினால் உதவும்.

சுருள் முடியும் சிவப்புப் பின்புறமும்

ட்லில்டோகாட்ல் என்ற பேரினம் 2020இல்தான் பிராக்கிபெல்மாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதில் வளர்ப்பாளர் அதிகம் குழப்புவது ஆல்போபிலோசஸ், வேகன்ஸ் இரண்டையும். தூய்மையான சிலந்திகளைப் பக்கத்தில் வைத்தால் குழப்பமே இல்லை. வேகன்ஸ் கறுகறுவென்று, வயிற்றின் மேல் மட்டும் நீண்ட சிவப்பு முடி. ஆல்போபிலோசஸின் முதுகோட்டில் வெண்கலப் பளபளப்பு, கால்களிலும் வயிற்றிலும் நீளமான வெளிர் முடி, அது நுனியில் சுருண்டு கிடக்கும். பின்னங்கால்களில் சுருள் நன்றாகத் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், கடைகளில் பல ஆண்டுகளாக 'கர்லி ஹேர்' என்று விற்கப்படுபவற்றில் சுருள் குறைந்து, முடி ஐதாகி, பாதி வேகன்ஸ் சாயலில் இருப்பவை ஏராளம். எங்கோ எப்போதோ கலந்துவிட்டது என்றே அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் நினைக்கிறார்கள். அதனால் நிகராகுவாவிலிருந்து வந்த பரம்பரையை 'நிகராகுவா' என்று தனியாக எழுதி விற்கிறார்கள். அந்தச் சிலந்தியின் முடி அடர்த்தியைப் பார்த்தால் வித்தியாசம் உடனே விளங்கும். கடைச் சிலந்தியை அன்பாக வளருங்கள். அருமையான, சாதுவான உயிர் அது. இணை மட்டும் சேர்க்காதீர்கள்.

வேறு சிலவற்றில் கண்ணால் பார்த்து முடிவு சொல்லவே முடியாது. பிரேசிலின் கிராமோஸ்டோலா புல்ச்ராவையும் அதன் நெருங்கிய உறவான கிரோகையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கறுப்பு வெல்வெட். கிரோகை 2016இல்தான் பெயர் பெற்றது. இவற்றில் பரம்பரையின் ஊர்தான் சாட்சி. படத்தைப் பார்த்து "இது நிச்சயம் புல்ச்ரா" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் ஊர்ச் சிலந்திகளை அடியிலிருந்து பாருங்கள்

மெக்சிகோவை விட்டு இந்தியா, இலங்கைப் பக்கம் வந்தால் முறை தலைகீழாகிவிடும். பொயிசிலோதீரியா மரத்தில் வாழும் பேரினம். உலகில் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. முதுகுப் பக்கம் எல்லாமே மரப்பட்டை போலச் சாம்பல், கறுப்பு, வெள்ளை. வடிவத்தில் நெருங்கியவை. அடையாளம் எல்லாம் அடிப்பக்கத்தில், முதல் இரண்டு சோடிக் கால்களின் உள்பக்கம் இருக்கும் மஞ்சளிலும், அதைக் குறுக்கே வெட்டும் கறுப்புப் பட்டைகளின் இடத்திலும் இருக்கிறது.

இங்கிலாந்தில் அதிகம் கிடைப்பது பொயிசிலோதீரியா ரெகாலிஸ். 1899இல் ரெஜினால்ட் போக்கொக் விவரித்த இந்தச் சிலந்தியின் மூல ஊர் நம் அரக்கோணம். அதே ஆண்டில் அவர் விவரித்த ஃபோர்மோசா சேலம் பக்கத்தது. இரண்டையும் பிரிக்க ஒரே பார்வை போதும். வயிற்றின் அடியில் குறுக்காக ஒரு வெளிர் பட்டை இருந்தால் ரெகாலிஸ், ஃபோர்மோசாவில் அது இல்லை. சிலந்தி கண்ணாடிச் சுவரில் ஏறி நிற்கும் இரவு நேரத்தில், வெளியிலிருந்து அடிப்பக்கத்தைப் படம் எடுத்துவிடலாம். பெட்டியைத் திறக்கவே வேண்டாம். திறக்கவும் கூடாது என்பேன். இவை மிக வேகமானவை, அரிப்பு முடி இல்லாததால் கடியை நம்பி வாழ்பவை. அந்தக் கடியில் கடும் வலியோடு தசைப்பிடிப்பும் வரும், நாட்கணக்கில் நீடிக்கும்.

நீல நிறத்தில் ஜொலிக்கும் மெட்டாலிகாவுக்கு இந்தச் சிரமம் இல்லை, பார்த்தவுடன் தெரியும். அதன் பெயரோடு ஒட்டியிருக்கும் கூட்டி என்ற ஆந்திர ஊரில் ரயில்வே மரக் கிடங்கில் கிடைத்த முதல் சிலந்தி, மரத்தோடு மரமாக வேறு எங்கிருந்தோ வந்தது. உண்மையான வாழிடம் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காடு.

ராமேஸ்வரத்தில் 2004இல் விவரிக்கப்பட்ட ஹனுமவிலாசுமிக்காவும் மெட்டாலிகாவும் மிக ஆபத்தான நிலையில் இருப்பவை என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் வகைப்படுத்தியிருக்கிறது. 2012இல் விவரிக்கப்பட்ட ராஜயேய் வட இலங்கையில் உள்ள எங்கள் மாங்குளத்துச் சிலந்தி. போர் முடிந்த பின் பழைய ஆஸ்பத்திரியின் டாக்டர் குவார்ட்டர்ஸில் அது கிடைத்தது. ஏ9 வீதியில் அந்த ஊரை எத்தனையோ தரம் கடந்து வளர்ந்தவன் நான். அந்தச் செய்தியை வாசித்த நாளில் எனக்கு வந்த பெருமிதம் இன்னும் குறையவில்லை. இவற்றில் காட்டிலிருந்து பிடித்த எதையும் யாராவது விற்பனைக்குக் காட்டினால், இனம் என்ன என்று யோசிக்கவே வேண்டாம், வாங்காதீர்கள். 2019 முதல் பொயிசிலோதீரியாவும் சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது.

சீட்டில் என்ன எழுதுவது

எல்லாம் பார்த்தும் உறுதியாகவில்லை என்றால், உறுதியாகவில்லை என்றே எழுதுங்கள். என் பெட்டிகளில் 'ஹமோரி' என்று பேனாவால் எழுதியவை உண்டு, 'ஹமோரி போன்றது, முகப்படம் மட்டும் பார்த்தது' என்று எழுதியவையும் உண்டு. இரண்டாவது வகை இணை சேர்க்கும் வரிசைக்கு வராது. ஒரு பெண் ஹமோரி இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழும். அதற்குள் எத்தனையோ சட்டைகள் கழற்றும். அவசரம் ஒன்றுமில்லை.

சீட்டில் பெயருக்குக் கீழே யாரிடம், எந்த மாதம், எந்த ஆண்டு, என்ன பெயரில் வாங்கினீர்கள் என்பதை மாற்றாமல் எழுதுங்கள். பெயரைப் பிறகு திருத்தினாலும் பழைய பெயரை அடிக்காமல் விடுங்கள். 2017இல் பெயர் மாறியபோது பழைய சீட்டு வைத்திருந்தவர்களால்தான் தங்கள் சிலந்தி எது என்று சொல்ல முடிந்தது. சிலந்தியை வேறொருவருக்குக் கொடுக்கும்போது சீட்டின் நகல், முகப் படம், கடைசியாகக் கழற்றிய சட்டை மூன்றையும் ஒரு உறையில் போட்டுச் சேர்த்துக் கொடுங்கள். வாங்குகிறவர் தம்பியாக இருந்தால், அவர் கேட்காவிட்டாலும் கொடுங்கள்.